முட்டிக்குப் பின்னால் ஒரு கடிவாளம்

2022 நவம்பரில் பெத் மீட், டிசம்பரில் விவியான் மீடெமா, 2023 ஏப்ரலில் லியா வில்லியம்சன், மே மாதம் லாரா வீன்ராய்தர். லண்டனின் ஆர்சனல் மகளிர் கால்பந்து அணியில் ஒரே சீசனில் நான்கு பேருக்கு ஒரே காயம்: முட்டிக்குள் இருக்கும் ஏ.சி.எல். என்ற நார் கிழிந்துவிட்டது. நம் பேச்சில் சொன்னால், ஜவ்வு போச்சு. முதல் மூவரும் அந்த ஆண்டு உலகக் கோப்பையில் ஆடவில்லை.

இந்தக் காயத்துக்குப் பெரும்பாலும் எதிராளி இடித்துத் தள்ளவே வேண்டியதில்லை. ஓடிவந்து சட்டென்று நிற்பார்கள், திரும்புவார்கள், குதித்து இறங்குவார்கள், அவ்வளவுதான். கால் ஊன்றி 50 மில்லிநொடி ஆவதற்குள் நார் கிழிந்திருக்கும்.

அந்த நார் 3 சென்டிமீட்டர் சொச்சம் நீளம். தொடை எலும்பின் பின்பக்கத்திலிருந்து கீழ்க்கால் எலும்பின் முன்பக்கத்துக்குச் சாய்வாக இறங்குகிறது. கீழ்க்கால் எலும்பு முன்னால் வழுக்காமல் பிடித்துக்கொள்வதுதான் அதன் முக்கிய வேலை. அதை முன்னால் இழுப்பது யார்? நாம் ஜிம்மில் ஆசையாக வளர்க்கும் முன்தொடைத் தசைதான். முட்டியை நீட்டும்போது அது கீழ்க்கால் எலும்பையும் சேர்த்து முன்னுக்கு இழுக்கிறது.

பின்னால் இழுத்துப் பிடிக்கும் கடிவாளம் பின்தொடைத் தசை. நாற்காலியில் உட்கார்ந்து, குதிகாலைத் தரையில் அழுத்தியபடியே பின்னால் இழுத்துப் பாருங்கள். முட்டியின் பின்மடிப்பில் கைவைத்தால் இரண்டு ஓரத்திலும் கயிறு போல நார்கள் விறைத்து எழுவது தெரியும். அவைதான்.

முன்தொடையின் பலத்தில் 60 சதவீதமாவது பின்தொடைக்கு இருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. முன்தொடை 200 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை (மூட்டைச் சுழற்றும் பலம்) காட்டினால் பின்தொடை 120 காட்ட வேண்டும். ஆனால் இந்த எண்ணை மட்டும் வைத்து யாருக்கு ஜவ்வு கிழியும் என்று சொல்லிவிட முடியாது. மெஷினில் உட்கார்ந்து நிதானமாக அளக்கும் பலம் வேறு, மைதானத்தில் கண்ணிமைக்கும் நேரத்தில் தேவைப்படும் பலம் வேறு.

அப்புறம், முட்டி மடங்கும் கோணமும் இருக்கிறது. கால் ஏறக்குறைய நேராக இருக்கும்போது பின்தொடை நார்கள் எலும்போடு ஒட்டி, அதே திசையில் போகின்றன. எவ்வளவு இழுத்தாலும் எலும்பு பின்னுக்கு வராது. முட்டியை மடக்க மடக்கத்தான் இழுப்பு பின்பக்கம் திரும்பும். விறைத்த காலோடு குதித்து இறங்குபவருக்குப் பின்தொடை இரும்பாக இருந்தும் பயனில்லை. பயிற்சியாளர்கள் 'மடங்கி இறங்கு, சத்தம் வராமல் இறங்கு' என்று கத்துவது இதற்காகத்தான்.

ஃபிஃபாவின் '11 பிளஸ்' என்ற 20 நிமிட வார்ம்-அப்பில் குதித்து இறங்கும் பயிற்சியும் பின்தொடைப் பயிற்சியும் சேர்ந்தே இருக்கின்றன. நார்வேயின் இளம் வீராங்கனைகளிடம் அதைச் சோதித்து 2008இல் வெளியிட்ட ஆய்வில், கடுமையான காயங்கள் சுமார் 45 சதவீதம் குறைந்திருந்தன.

அந்த வார்ம்-அப்பில் வரும் நார்டிக் என்ற பின்தொடைப் பயிற்சிக்குக் கருவியே வேண்டாம். மண்டியிட வேண்டும், கணுக்காலை ஒருவர் அழுத்திப் பிடித்துக்கொள்வார், உடம்பை வளைக்காமல் மெல்ல முன்னால் சாய வேண்டும். முதல் நாள் யாராக இருந்தாலும் பாதி வழியில் பொத்தென்று கையூன்றி விழுவார்கள். மறுநாள் மாடிப்படி இறங்கும்போது தொடை திட்டும். அதனால் ஆரம்பத்தில் 3 முதல் 5 தடவை போதும்.