ஃபெசிலிட்டீஸ் மேனேஜ்மென்ட் – வளாக மேலாண்மை: சொல் விளக்கம்

அலுவலக வளாகங்கள், மருத்துவமனைகள், வணிக மையங்கள், தரவு மையங்கள் ஆகியவற்றின் வேலைவாய்ப்பு விளம்பரங்களில் ‘ஃபெசிலிட்டி மேனேஜர்’, ‘ஃபெசிலிட்டி எக்ஸிகியூட்டிவ்’ என்னும் பதவிப் பெயர்கள் இன்று வழக்கமாகிவிட்டன. கட்டடத்தையும் அதில் இருப்போருக்கான ஏற்பாடுகளையும் கவனிக்கும் இந்த ‘ஃபெசிலிட்டீஸ் மேனேஜ்மென்ட்’ தொழிலைத் துறைக்குள் இருப்பவர்கள் சுருக்கமாக ‘எஃப்.எம்.’ என்பார்கள். வெளியில் இருப்பவர்களைக் கேட்டால், ‘மெயின்டனன்ஸ் வேலை’ என்றோ ‘ஹவுஸ்கீப்பிங் பார்ப்பவர்’ என்றோ பதில் வரும். அவை இரண்டும் அந்தத் தொழிலின் பகுதிகள் மட்டுமே. தானியக்கம் (ஆட்டோமேஷன்) பெருகிவரும் காலத்தில் இத்துறைக்குள் நுழைய விரும்பும் இளைஞர்கள் இந்தச் சொல்லின் முழுப் பொருளையும் அறிந்துகொள்வது நல்லது. எந்த வேலை இயந்திரத்திடம் போகும், எது மனிதரிடம் நிற்கும் என்பதை அந்தப் பொருளைக் கொண்டே பெரும்பாலும் கணித்துவிடலாம்.

‘ஃபெசிலிட்டி’யின் வேர் இலத்தீன். அம்மொழியில் ‘ஃபாகெரே’ என்றால் செய்தல். அதிலிருந்து பிறந்த ‘ஃபாகிலிஸ்’ என்பதற்குச் செய்வதற்கு எளிதானது என்று பொருள். பிரெஞ்சு வழியாக 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தபோதும் எளிமை, தடையின்மை என்பவையே அதன் பொருளாக இருந்தன. 19ஆம் நூற்றாண்டில்தான் ஒரு செயலை எளிதாக்கும் ஏற்பாடுகள் என்ற பொருள் வலுப்பெற்றது; பிறகு அந்த ஏற்பாடுகள் அமைந்த கட்டடத்தையும் அதே சொல் குறிக்கலானது. ‘மேனேஜ்’ என்பது குதிரையைக் கையாண்டு பழக்குவதைக் குறித்த இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. அதன் அடியில் இருப்பது ‘கை’ எனப் பொருள்படும் இலத்தீன் ‘மனுஸ்’.

இரண்டும் இணைந்து ஒரு தொழிலின் பெயரான இடம் கட்டடமன்று, கணினி அறை. 1960களில் அமெரிக்காவில் தொழிலதிபர் ராஸ் பெரோவின் இ.டி.எஸ். நிறுவனம் பிற நிறுவனங்களின் கணினிப் பிரிவுகளை ஒப்பந்த அடிப்படையில் ஏற்று நடத்தியது. அந்தச் சேவைக்குத்தான் முதலில் இப்பெயர் வழங்கியது. அலுவலக அறைகலன்கள் செய்யும் ஹெர்மன் மில்லர் நிறுவனம், பணியிட அமைப்புக்கும் உற்பத்தித்திறனுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி 1978இல் மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பரில் ஒரு மாநாடு கூட்டியது. அடுத்த ஆண்டே அங்கு இதற்கென ஒரு கல்வி நிலையத்தையும் தொடங்கியது. 1980இல் தேசிய அளவில் உருவான தொழில்முறைச் சங்கம் 1982இல் பன்னாட்டுச் சங்கமாகப் பெயர் மாறி, இன்றும் ‘இஃப்மா’ என்ற சுருக்கப் பெயரில் இயங்குகிறது. 2017இல் வெளியான, பன்னாட்டுத் தர அமைப்பின் ஐஎஸ்ஓ 41011 என்னும் கலைச்சொல் தரநிலை, மக்களையும் இடத்தையும் செயல்முறையையும் ஒருங்கிணைத்து, அங்கிருப்போரின் வாழ்க்கைத் தரத்தையும் நிறுவனத்தின் முதன்மைப் பணியின் விளைதிறனையும் உயர்த்தும் நிறுவனச் செயற்பாடு என்று இத்துறையை வரையறுக்கிறது. இந்த வரையறையில் இயந்திரம் என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

தமிழில் இதற்கு ‘வசதி மேலாண்மை’ என்பதே பரவலாக எழுதப்படுகிறது. இலங்கையில் ‘வசதிகள் முகாமைத்துவம்’ என்பார்கள்; அங்கு மொறட்டுவப் பல்கலைக்கழகத்தில் இத்துறைக்கென்றே பட்டப்படிப்பு உண்டு. ‘வசதி’ என்ற சொல்லின் வரலாறு சுவையானது. ‘வஸ்’ என்னும் வடமொழி வேருக்கு உறைதல், குடியிருத்தல் என்று பொருள். அதிலிருந்து வந்த ‘வசதி’ முதலில் குறித்தது உறைவிடத்தை. மலையாளத்தில் அமைச்சரின் ‘ஔத்யோகிக வசதி’ என்றால் அவருடைய அரசு இல்லம். கன்னடத்தில் சமணக் கோயிலுக்கு ‘பசதி’ என்று பெயர். தமிழிலோ வீட்டைக் குறிக்கும் வழக்கு மங்கி, வாழ்வதற்கு ஏற்ற நலன்கள் என்ற பொருள் மேலோங்கியது. ஆங்கிலச் சொல் எளிமையில் தொடங்கிக் கட்டடத்துக்கு வந்து சேர, நம் வழக்குச் சொல் உறைவிடத்தில் தொடங்கி எளிமைக்குப் போயிருக்கிறது. ஆனால் இன்றைய வாசகர் ‘வசதி மேலாண்மை’ என்று படித்தால் அவருக்குக் கட்டடம் நினைவுக்கு வருவதில்லை. ‘வசதியானவர்’ என்றால் பணம் உள்ளவர் என்று பொருள்கொள்ளும் பேச்சு வழக்கும் குழப்பத்தைக் கூட்டுகிறது. தனித்தமிழ் எழுதுவோர் ‘வசதி’க்கு ஈடாக ‘ஏந்து’ என்பதை ஆள்கிறார்கள். நல்ல சொல்தான், ஆனால் அதுவும் இடத்தைச் சுட்டுவதில்லை.

ஆகவே ‘வளாக மேலாண்மை’ என்பதையே நான் பரிந்துரைக்கிறேன். ‘வளாவுதல்’ என்றால் சூழ்தல். சூழப்பட்ட இடம் வளாகம். ‘தெண்கடல் வளாகம் பொதுமை இன்றி’ என்று தொடங்கும் புறநானூற்றுப் பாட்டில் (189) கடல் சூழ்ந்த நிலப்பரப்பையே இச்சொல் குறிக்கிறது. பல்கலைக்கழக வளாகம், மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகம் என்று அன்றாடம் புழங்குவதால் யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. கட்டடம், திறந்தவெளி, அவற்றுக்குள் இருக்கும் மக்கள் ஆகிய அனைத்தையும் அது தழுவி நிற்கிறது. ஒரே ஒரு தளத்தை மட்டும் வாடகைக்கு எடுத்த அலுவலகத்துக்கு இது பெரிதாகத் தோன்றினால், அங்கு ‘கட்டட வசதி மேலாண்மை’ என்று எழுதலாம். ‘பராமரிப்பு’ என்று மட்டும் எழுதுவது துறையைச் சுருக்கிவிடும்.

‘ஆட்டோமேஷன்’ என்பதற்குத் தமிழகத்தில் தானியக்கம் என்றும் இலங்கையில் தன்னியக்கம் என்றும் வழங்குகிறோம். 1940களில் ஃபோர்டு கார் நிறுவனத்தில் புழக்கத்துக்கு வந்த சொல் இது. கட்டடங்களுக்குள் அந்தக் கருத்து இன்னும் முன்பே நுழைந்துவிட்டது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கல்லூரிப் பேராசிரியராக இருந்த வாரன் ஜான்சன், 1883இல் மின் வெப்பநிலைக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அறை குளிர்ந்தாலோ சூடேறினாலோ கீழ்த்தளத்தில் உலையைக் கவனிக்கும் பணியாளருக்கு மணியடித்துச் சொல்வதே அந்தக் கருவியின் வேலை. கட்டடத் தானியக்கத்தின் தொடக்கமே ஒரு மனிதரைக் கூப்பிடுவதாகத்தான் இருந்தது.

இன்று அந்த மணியின் இடத்தில் ‘பி.எம்.எஸ்.’ எனப்படும் கட்டட மேலாண்மை அமைப்பு இருக்கிறது. மணிக்கொரு முறை சுற்றிவந்து மின்அளவி, நீர்த்தொட்டி, சில்லர் (குளிர்சாதனத்துக்கான நீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) ஆகியவற்றின் அளவுகளை லாக் புக்கில் எழுதும் வேலையை உணரிகள் (சென்சார்கள்) எடுத்துக்கொள்கின்றன. தன் தரவு மையங்களில் குளிரூட்டலுக்கான மின்செலவைச் செயற்கை நுண்ணறிவின் துணையால் 40 விழுக்காடு வரை குறைத்ததாக 2016இல் அறிவித்த கூகுள், 2018இல் கட்டுப்பாட்டையே அதனிடம் ஒப்படைத்தது. அப்போதும் பணியாளர்கள் எந்த நேரத்திலும் அதை நிறுத்திவிட்டுத் தாமே பொறுப்பேற்கும் ஏற்பாட்டை வைத்திருந்தது. அளவுகளைக் குறித்துவைப்பதை மட்டுமே வேலையாகக் கொண்டவரின் இடம் சுருங்கும். இதை மறைத்துப் பேசுவது இளைஞர்களுக்குச் செய்யும் தீங்கு. சில வேலைகள் இயந்திரத்திடம் போயே ஆக வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும்: கழிவுநீர்த் தொட்டிக்குள் பாதுகாப்புக் கருவிகள் இன்றி மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்த பிறகும் உயிர்கள் போகின்றன, அந்த வேலைக்கு இயந்திரம் வருவதில் ஒரு நாள் தாமதம்கூடக் கூடாது.

மனிதரிடம் நிற்கும் வேலை எத்தகையது என்பதற்கு இரண்டு காட்சிகள் போதும். ஒரு தளத்தில் ‘ஏசி போதவில்லை’ என்று புகார் வருகிறது, பி.எம்.எஸ். திரையோ 24 டிகிரி என்று காட்டுகிறது. மேலே போய்ப் பார்த்தால், புதிதாக எழுப்பிய தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் உணரி மாட்டிக்கொண்டிருக்கும். ஆளில்லாத சிற்றறையின் வெப்பநிலையைத்தான் திரை உண்மையாகச் சொல்லிக்கொண்டிருக்கும். இன்னொன்று தீயணைப்புப் பம்பு. குழாயில் அழுத்தம் குறைந்தால் அது தானே இயங்க வேண்டும்; ஆனால் சோதனை முடித்தவர் பேனலில் உள்ள தேர்வுச் சுவிட்சை ‘ஆட்டோ’வுக்குத் திருப்பாமல் ‘மேனுவல்’ நிலையிலேயே விட்டுப் போயிருந்தால், தீப்பிடிக்கும் நாளில் பம்பு அசையாது. அந்தச் சுவிட்சைத் தினமும் கண்ணால் பார்க்க வேண்டும் என்று பணி வரையறையில் எழுதிவைப்பவரும், உள்ளமைப்பு மாறும்போது உணரியின் இடத்தையும் கேட்டு மாற்றவைப்பவருமே வளாக மேலாளர்.

இந்த இடத்துக்கு வரும் வழி நீண்டதுதான், ஆனால் திறந்திருக்கிறது. ஐடிஐயில் மின்பணியாளர் பிரிவோ குளிர்பதன – குளிர்சாதனப் பிரிவோ படித்து ஷிஃப்ட் டெக்னீஷியனாகச் சேர்பவர், இரண்டு திசைகளில் தன்னை வளர்த்துக்கொள்ள வேண்டும். ஒன்று, அமைப்பின் மொழி: பல நிறுவனங்களின் கருவிகள் தமக்குள் பேசிக்கொள்ள உதவும், 1995இல் தரநிலையான ‘பேக்நெட்’, அதற்கும் முந்தைய ‘மோட்பஸ்’ ஆகியவற்றின் அடிப்படை. சில்லரிலிருந்து 7 டிகிரியில் போகும் நீர் 12 டிகிரிக்குப் பதிலாக 9 டிகிரியிலேயே, அதாவது கட்டடத்தின் வெப்பத்தைப் போதிய அளவு ஏற்காமலேயே, திரும்பிவந்தால், திரை அந்த எண்ணைக் காட்டும். திறந்தே சிக்கிக்கொண்ட வால்வா, அழுக்கடைந்த காயிலா (காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருள்) என்று தேடிக் கண்டுபிடிப்பவருக்குத்தான் அடுத்த பதவி. மற்றொன்று, சட்டத்தகுதி: தமிழ்நாட்டில் மின் உரிம வாரியம் வழங்கும் மேற்பார்வையாளர் தகுதிச் சான்றும், பட்டயமோ பட்டமோ உள்ளவர்கள் மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகத்தின் (பி.இ.இ.) தேர்வெழுதிப் பெறும் எரிசக்தி மேலாளர், எரிசக்தித் தணிக்கையாளர் சான்றுகளும் ஊதியத்தையும் பொறுப்பையும் உயர்த்தக்கூடியவை. பன்னாட்டு நிறுவனங்களில் இஃப்மாவின் சான்றிதழ்களுக்கு மதிப்பு உண்டு.

பதவிப் பெயர்களைத் தமிழில் எழுதுவோர், ‘ஃபெசிலிட்டி மேனேஜர்’ என்பதற்கு வளாக மேலாளர் என்றும், ‘ஃபெசிலிட்டி எக்ஸிகியூட்டிவ்’ என்பதற்கு வளாக அலுவலர் என்றும், ‘பில்டிங் ஆட்டோமேஷன்’ என்பதற்குக் கட்டடத் தானியக்கம் என்றும் எழுதலாம். ‘ஹவுஸ்கீப்பிங்’ பணியாளரைத் தூய்மைப் பணியாளர் என்று எழுதும் நல்ல வழக்கம் ஏற்கெனவே நிலைபெற்றுவிட்டது.