வாய்க்காலோடு பெயர்த்து நட்ட சதை

கடலூர் முதுநகரில் எங்களுக்கு வேண்டிய அக்கா ஒருவருக்குப் புற்றுநோய்க்காக வலது மார்பகம் முழுவதும் நீக்கப்பட்டிருந்தது. அடிவயிற்றுச் சதையைக் கொண்டு அந்த இடத்தில் புதிய மார்பகம் அமைக்கலாம் என்று மருத்துவர் சொன்னபோது, அவர் கேட்ட முதல் கேள்வி, "வெட்டி எடுத்த சதை அழுகிப் போகாதா?" என்பதுதான். அச்சத்தில் எழுந்த கேள்விதான். ஆனால் இந்த அறுவை சிகிச்சையின் வரலாறு முழுவதும் அந்த ஒரு கேள்விக்குத் தேடிய விடை என்றே சொல்லலாம்.

நுண்ணிய இரத்தக் குழாயிலிருந்து ஆக்ஸிஜன் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் தொலைவுக்குத்தான் ஊறிச் செல்லும். அதற்கு அப்பால் உள்ள உயிரணு பிழைக்காது. தீக்காயத்தின் மேல் ஒட்டப்படும் தோல் மிக மெல்லியது என்பதால், அடியிலுள்ள புண்ணிலிருந்து ஊறும் நீரை உறிஞ்சியே ஓரிரு நாள் தாக்குப்பிடித்து, அதற்குள் புதிய குழாய்களோடு இணைந்துகொள்கிறது. சில நூறு கிராம் எடையுள்ள கொழுப்புக்கு இது பலிக்காது. அதை வெறுமனே வெட்டி மார்பில் வைத்தால், அக்கா அஞ்சியபடியே உள்ளிருந்து பட்டுப்போகும்.

ஆகவே சதையை அதன் நீர்வழியோடு எடுக்க வேண்டியிருக்கிறது. கீழணையில் பிரிந்து வடவாறு வழியாக வீராணத்துக்கு வரும் தண்ணீர், அங்கிருந்து மதகுகளிலும் சிறு மடைகளிலும் இறங்கித்தான் காட்டுமன்னார்கோயில் வயல்களைச் சேர்கிறது. அடிவயிற்றின் பாசனமும் இப்படித்தான். தொடையிடுக்கை ஒட்டிப் பெரிய தமனியிலிருந்து பிரியும் கிளை ஒன்று, வயிற்றின் முன்தசைக்குப் பின்புறமாக மேலேறுகிறது. அதிலிருந்து கிளம்பும் சிறு குழாய்கள் தசையைத் துளைத்துக்கொண்டு, தொப்புளைச் சுற்றியுள்ள கொழுப்புக்கும் தோலுக்கும் இரத்தம் கொண்டு செல்கின்றன.

இத்தாலிய மருத்துவர் டான்சினி 1906-இலேயே, முதுகின் அகன்ற தசையை அதன் இரத்தக் குழாய் அறுபடாமல் முன்பக்கம் திருப்பி, மார்புப் புண்ணை மூடும் முறையை விவரித்தார். 1982-இல் அமெரிக்காவின் ஹார்ட்ராம்ப், வயிற்றுக் கொழுப்பை முன்தசையோடு சேர்த்து மேலே கொண்டுவந்தார். மார்பகம் நன்றாகவே அமைந்தது. ஆனால் தசையை இழந்த வயிறு பலவீனமுற்றுச் சிலருக்குக் குடல் பிதுங்கியது. அறுத்த நெல்லோடு வயலையும் பெயர்த்தெடுத்தது போன்ற செலவு அது. 1989-இல் ஜப்பானின் கோஷிமா, தசையை வெட்டாமல் அதன் இழைகளைப் பிரித்து, ஊடே வரும் குழாயை மட்டும் உருவி எடுக்கலாம் என்று காட்டினார். 1990-களில் அமெரிக்காவின் ராபர்ட் ஆலன் அதை மார்பக அமைப்புக்குக் கொண்டுவந்தார். இப்படி இரத்தக் குழாயோடு எடுக்கும் சதைத் துண்டுக்கு மடல் என்று பெயர். இன்று 'டீப்' மடல் என்று மருத்துவர்கள் குறிப்பிடுவது இதைத்தான்.

எந்தச் சிறுகுழாய் பருமனானது, தசைக்குள் எப்படி வளைந்து வருகிறது என்பதை முன்கூட்டியே, இரத்தக் குழாய்களைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோ படத்தில் பார்த்துக்கொள்கிறார்கள். அடிவயிற்றில் இடுப்பெலும்பிலிருந்து இடுப்பெலும்பு வரை கீறி, மடலையும் குழாய்களையும் பிரித்தபின், அவற்றை அடியில் வெட்டுகிறார்கள். அந்தக் கணத்திலிருந்து மடலுக்கு இரத்தம் கிடையாது. நெஞ்செலும்பின் ஓரத்தில், விலாக் குருத்தெலும்புகளுக்குப் பின்னால் ஓடும் தமனியும், இரத்தத்தைத் திரும்பக் கொண்டுசெல்லும் சிரையும் (இதய பைபாஸ் சிகிச்சைக்கு எடுத்துப் பயன்படுத்துவதும் இதே தமனியைத்தான்) அதற்குப் புதிய வாய்க்கால்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் விட்டமே உள்ள இக்குழாய்களை, தலைமுடியின் பாதித் தடிமன்கூட இல்லாத நைலான் நூலால், நுண்ணோக்கியின் கீழ் தைக்கிறார்கள். பிடிப்பான்களைத் தளர்த்தியதும் வெளுத்துக் கிடந்த மடல் சிவந்து வருகிறது.

ஆனால் பாசனத்தைவிட வடிகால்தான் தொல்லை தருவது என்பதைக் கடலூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தமனி அடைபட்டால் மடல் வெளுத்துக் குளிர்ந்துவிடும். சிரை அடைபட்டால் இரத்தம் தேங்கி, நீலம் பாரித்து வீங்கும். பெரும்பாலான சிக்கல்கள் முதல் இரண்டு மூன்று நாளில், சிரைப் பக்கத்திலேயே நேர்கின்றன. அதனால்தான் செவிலியர் மணிக்கொரு தரம் வந்து, நிறத்தைப் பார்த்து, தொட்டு, டாப்ளர் கருவியில் இரத்த ஓட்டத்தின் ஒலியைக் கேட்கிறார். அடைப்பு உடனே தெரிந்தால் மறுபடி திறந்து சரிசெய்ய முடியும். தேங்கிய இரத்தத்தை உறிஞ்ச மருத்துவ அட்டைகளை விடுவதும் உண்டு. அட்டையின் எச்சிலில் இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் இருக்கிறது. அனுபவமுள்ள மையங்களில் மடல் முழுவதும் பட்டுப்போவது நூற்றுக்குச் சில பேருக்கு மட்டுமே.

எல்லோருக்கும் இது ஏற்றதன்று. புகையிலையும் கட்டுப்படாத சர்க்கரையும் நுண்குழாய்களுக்குப் பகை. மிக மெலிந்தவருக்கு வயிற்றில் எடுப்பதற்குப் போதிய கொழுப்பு இராது. அவருக்குத் தொடையிலோ பிட்டத்திலோ தேட வேண்டும். சிசேரியன் தழும்பு பெரும்பாலும் தடையாவதில்லை. கதிர்வீச்சு தேவைப்படுமானால் அது முடியும்வரை மார்பக அமைப்பைத் தள்ளிவைக்கும் மருத்துவர்கள் பலர். எனவே கடலூரிலிருந்து கோரிமேட்டு ஜிப்மருக்குப் போனாலும், சென்னைக்குப் போனாலும், மார்பகத்தை நீக்கும் முன்பே புற்றுநோய் மருத்துவரும் பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவரும் சேர்ந்து திட்டமிடுவது நல்லது என்பது என் கருத்து.

இடுப்பின் குறுக்கே நீண்ட தழும்பு நிற்கும். புதிய மார்பகத்தில் தொடுவுணர்வு முழுதாகத் திரும்புவது அரிது. காம்பைப் பின்னர் தனியே அமைக்க வேண்டும். வயிற்றிலிருந்து வந்த கொழுப்பு இடம் மாறினாலும் தன் இயல்பை விடுவதில்லை: உடல் எடை கூடினால் அந்த மார்பகமும் பருக்கும், மெலிந்தால் அதுவும் சிறுக்கும்.