ஒரே விசிறி, இரண்டு ஊர்

அண்ணனுக்குப் பாளையங்கோட்டையில் வீடு, தங்கைக்குத் தூத்துக்குடியில். இரண்டு வீட்டுக் கூடத்திலும் நூறு லிட்டர் கடல்நீர்த் தொட்டி, அதில் ஒரு ஜோடி கோமாளி மீன்கள், தொட்டியின் விளிம்பில் ஒரே கடையில் வாங்கிய சின்ன மின்விசிறி. ஏப்ரல் மாதப் பிற்பகல் ஒன்றில் இருவரும் தொலைபேசியில் பேசியபடியே வெப்பமானியைப் பார்த்திருக்கிறார்கள். பாளையங்கோட்டைக் கூடத்தில் 36 டிகிரி, தொட்டி நீரில் 28.5. தூத்துக்குடிக் கூடத்தில் 33 டிகிரிதான், ஆனால் தொட்டி நீரில் 31.5. "வெயில் குறைந்த ஊரில் இருக்கும் என் மீன்கள் மட்டும் ஏன் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன?" என்று தங்கை கேட்டு எழுதியிருக்கிறார். விசிறியை மாற்றியும் பார்த்துவிட்டாராம். விசிறியில் பழுது எதுவும் இல்லை.

மீன் ஏன் வாயைப் பிளக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மீனின் உடல் வெப்பம் நீரின் வெப்பத்தோடு ஏறி இறங்கும். நீர் சூடானால் அதன் உடலுக்குள் எல்லா வேதிவினைகளும் விரைவுபடும், ஆக்சிஜன் கூடுதலாகத் தேவைப்படும். அதே நேரத்தில் சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். உப்பு நீரில் இன்னும் குறைவு: 25 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும், கடல்நீரோ 6.7 மில்லிகிராம்தான். தேவை ஏற ஏற வரத்து குறைகிறது. போன மாதம் தங்கையின் வீட்டில் ஒரு மீன் செத்தபோது, "வீட்டுக்கு வந்த கண் திருஷ்டியை அது வாங்கிக்கொண்டது, நல்லதுதான்" என்று அக்கம்பக்கத்தார் ஆறுதல் சொன்னார்களாம். எனக்கு இது கோபத்தைத் தருகிறது. மூச்சுக்குத் தவித்துச் செத்த ஓர் உயிரின் சாவை நல்ல சகுனமாக மாற்றிவிட்டால், அடுத்த மீனைக் காப்பாற்ற யார் வெப்பமானியைத் தேடுவார்கள்?

இனி விசிறிக்கு வருவோம். விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை, நகர்த்துகிறது, அவ்வளவுதான். குளிர்விப்பது தண்ணீரே.

காருகுறிச்சி மண்பானையில் ஊற்றிய தண்ணீர் எப்படிக் குளிர்கிறது என்று பள்ளியில் படித்திருப்போம்: பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகிறது, ஆவியாவதற்கான வெப்பத்தைப் பானையிடமிருந்தே எடுத்துக்கொள்கிறது. இந்த வரியைப் பரீட்சைக்கு எழுதிவிட்டுக் கடந்துபோய்விட்டோம். கொஞ்சம் நின்று பார்த்தால் அதற்குள் ஓர் அற்புதம் இருக்கிறது. தொட்டி நீரில் எல்லா மூலக்கூறுகளும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. சில சோம்பிக் கிடக்கும், பல நடுத்தர வேகத்தில் போகும், சில வெறிகொண்டு பாயும். பக்கத்து மூலக்கூறுகளின் பிடியை அறுத்துக்கொண்டு காற்றில் தாவ, அந்த வெறிகொண்ட சிலவற்றால்தான் முடியும். வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளைகள் எல்லாம் வெளியேறிவிட்டால் வகுப்பின் சராசரி என்ன ஆகும்? இறங்கும். மூலக்கூறு வேகத்தின் சராசரியைத்தான் நாம் வெப்பநிலை என்கிறோம். வேகமானவை போய்விட, மிஞ்சிய நீர் குளிர்கிறது.

எவ்வளவு குளிரும்? ஒரு லிட்டர் நீர் ஆவியாகச் சுமார் 2,400 கிலோஜூல் வேண்டும். இதுதான் பாடநூல் சொல்லும் உள்ளுறை வெப்பம். நூறு லிட்டர் கடல்நீரை ஒரு டிகிரி இறக்க 400 கிலோஜூலுக்குச் சற்று மேல் எடுத்தால் போதும். ஆக, வெளியிலிருந்து வெப்பம் வராமல் இருந்தால், ஒரே ஒரு லிட்டர் ஆவியாகி முழுத் தொட்டியையும் ஏறக்குறைய ஆறு டிகிரி குளிர்வித்துவிடும். பலர் ஐஸ் நிரப்பிய பாட்டிலைத் தொட்டியில் மிதக்கவிடுகிறார்கள். ஒரு கிலோ ஐஸ் உருகித் தொட்டியின் சூட்டுக்கு வரும்வரை இழுக்கும் வெப்பம் 450 கிலோஜூல் அளவுதான். யாரும் கவனிக்காமல் கூரையை நோக்கிப் போய்விடும் ஒரு லிட்டர் ஆவி, ஐந்து கிலோ ஐஸின் வேலையைச் செய்கிறது. நான் இந்தக் கணக்கை முதன்முதலில் போட்டபோது நம்பாமல் இரண்டு முறை சரிபார்த்தேன்.

தொட்டிக்குள் மூழ்கிக் கிடக்கும் மோட்டாரையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். 20 வாட் மோட்டார் உண்ணும் மின்சாரம் கடைசியில் நீரின் சூடாகவே முடிகிறது. ஒரு நாளில் அது தரும் வெப்பத்தை வெளியேற்ற மட்டுமே முக்கால் லிட்டர் ஆவியாக வேண்டும். மோட்டாரின் வாட் அளவைப் பார்த்து வாங்குங்கள்.

சரி, தூத்துக்குடி நீர் ஏன் ஆவியாக மறுக்கிறது? மறுக்கவில்லை. அங்கும் வேகமான மூலக்கூறுகள் அதே ஆர்வத்தோடு தாவுகின்றன. ஆனால் காற்றில் ஏற்கெனவே இருக்கும் நீராவி மூலக்கூறுகளும் சும்மா இருப்பதில்லை. வினாடிக்கு 600 மீட்டர் அளவிலான வேகத்தில் அலைந்து, நீர்ப்பரப்பில் மோதித் திரும்ப நீராகின்றன. வரும்போது தாம் கொண்டுபோன வெப்பத்தையும் திருப்பிக் கொடுத்துவிடுகின்றன. நீரும் காற்றும் ஒரே சூட்டில் இருப்பதாக வைத்துக்கொண்டால், தூத்துக்குடிக் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதம் என்பதன் பொருள் இதுதான்: நான்கு பேர் வெளியேறினால் மூன்று பேர் உள்ளே வருகிறார்கள். பாளையங்கோட்டையின் 35 சதவீதக் காற்றிலோ, மூவர் போனால் ஒருவர்தான் திரும்புகிறார். விசிறியின் பங்கு, நீர்ப்பரப்பின் மேலே தேங்கி நிற்கும் ஈரக்காற்றைத் தள்ளிவிட்டு அறைக் காற்றை அங்கே கொண்டுவருவது. அறைக் காற்றே ஈரமாக இருந்தால் விசிறி என்ன செய்யும்? ஈரத்தைத் தள்ளி ஈரத்தை வைக்கும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். இரண்டு சாதாரண வெப்பமானிகளை எடுத்து, ஒன்றின் குமிழில் பழைய வேட்டித் துணியைச் சுற்றி நனைத்தேன். இரண்டையும் தார்சாவில் (வீட்டுத் தாழ்வாரத்தில்) ஒரு விசிறியின் முன் கட்டித் தொங்கவிட்டேன். உலர்ந்தது 36-இல் நின்றது. ஈரத்துணி சுற்றியது கண்ணெதிரே இறங்கி, 30-ஐத் தாண்டி, 27-இல் தயங்கி, 25-இல் நின்றுவிட்டது. அதற்குக் கீழே அசையவில்லை. போவதும் வருவதும் அந்த இடத்தில் கணக்குத் தீர்ந்துவிடுகின்றன. இதுதான் ஈரக்குமிழ் வெப்பநிலை. எத்தனை விசிறி வைத்தாலும் தொட்டி நீரை இதற்குக் கீழே கொண்டுபோக முடியாது. மோட்டாரும் கண்ணாடிச் சுவர்களும் சூடேற்றுவதால் நடைமுறையில் இரண்டு முதல் நான்கு டிகிரி மேலேயே நிற்கும். 33 டிகிரி, 75 சதவீத ஈரத்தில் ஈரக்குமிழ் 29-ஐக் காட்டும். தங்கையின் தொட்டி 31.5-இல் நிற்கக் காரணம் அதுவே.

ஆவியாகும்போது நீருடன் உப்பு போவதில்லை. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் முதல் கோடையில் தினமும் இரண்டு லிட்டர் குறைந்தது, நானும் தினமும் இரண்டு லிட்டர் கடல்நீரையே ஊற்றினேன். லிட்டருக்கு 35 கிராமாக இருந்த உப்பு பத்தே நாளில் 42 ஆகிவிட்டது. உப்பளத்துப் பாத்தியில் நடப்பதை என் கூடத்தில் நடத்தியிருக்கிறேன். முதலில் இறால் செத்தது. ஆவியாகிப் போனது வெறும் தண்ணீர், ஆகவே ஊற்ற வேண்டியதும் வெறும் தண்ணீர், உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீர். கண்ணாடியில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுவைத்து, அந்தக் கோட்டுக்குக் காலையும் மாலையும் நிரப்புங்கள். கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு வலை போடுங்கள். ஆவி போக வேண்டும், மீன் குதித்துவிடக் கூடாது.

இதே கணக்கில்தான் கடலும் இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறைகள் 2010-லும் 2016-லும் கோடையில் நீர் சூடேறியதால் வெளிறிப்போயின. வெயிலோடு காற்றும் ஓய்ந்துவிடும் நாட்களில் கடல், விசிறி நின்ற தொட்டியாகிவிடுகிறது. ஒவ்வொரு தீவிலும் ஆண்டு முழுவதும் நீரின் வெப்பத்தைப் பதியும் கருவிகளுக்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வெளிறிய பிறகு போய்ப் படம் எடுப்பதைவிட அது பயனுள்ளது. தொட்டி வைப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிப்பகங்களில் வளர்க்கும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் எப்போதோ கண்டுகாட்டிவிட்டது. கடலில் பிடித்ததை வாங்காதீர்கள்.

தூத்துக்குடித் தங்கைக்கு: கடலிலிருந்து ஈரமான கொண்டல் வீசும் இந்த மாதங்களில் உங்களுக்குச் சில்லர், அதாவது தொட்டி நீரைக் குளிர்விக்கும் இயந்திரம் வேண்டும். அதைத் தொட்டிக்குக் கீழே அலமாரியில் அடைக்காதீர்கள். நீரிலிருந்து எடுத்த வெப்பத்தையும் தன் மோட்டார் வெப்பத்தையும் சேர்த்து அது அறைக்குள்ளேயே கொட்டும், அந்த அறைச்சூடு மறுபடி தொட்டிக்கே வரும். ஜன்னலுக்கு வெளியே வெப்பம் போகும்படி வையுங்கள். ஆனி பிறந்து மேல்காற்று வறண்டு அடிக்கத் தொடங்கியதும் சில்லரை நிறுத்தி, பழைய விசிறியைப் போட்டு, ஈரத்துணி சுற்றிய வெப்பமானி எத்தனை டிகிரி காட்டுகிறது என்று எனக்கு எழுதுங்கள்.