புட் ஆஃப் என்றால் ரத்து இல்லை

போன வாரமும் ஒருவர் நேர்முகத் தேர்வைக் கோட்டை விட்டுவிட்டு வந்தார். 'தி இன்டர்வியூ ஹேஸ் பீன் புட் ஆஃப் டில் ஃப்ரைடே' என்று மின்னஞ்சலில் தெளிவாகத்தான் இருந்தது. ரத்தாகிவிட்டது என்று நினைத்து வெள்ளிக்கிழமை வீட்டிலேயே இருந்திருக்கிறார். அலுவலக ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் எனக்கு இந்தக் கதை கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

புட் ஆஃப் என்றால் தள்ளிவைப்பது. ரத்து செய்வதற்குக் கால் ஆஃப் என்று வேறொன்று இருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் ஆஃப் என்று பார்த்ததும் 'முடிந்தது' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். விளக்கை ஆஃப் செய்தால் அணைகிறது, எனவே எல்லா ஆஃபும் அணைப்புதானாம்! சரி, விமானம் டேக் ஆஃப் ஆனால் என்ன ஆகிறது? கிளம்புகிறது. அலாரம் கோ ஆஃப் ஆனால்? அலறத் தொடங்குகிறது. ஒருவர் ஷோ ஆஃப் செய்தால் பீற்றிக்கொள்கிறார், ஓய்வதாகவே தெரியவில்லை. இதில் எங்கே முடிவு வந்தது? தமிழில் 'தள்ளிப்போடு' என்கிறோம். எதையும் தள்ளுவதும் இல்லை, கீழே போடுவதும் இல்லை. ஃப்ரேசல் வெர்பும், அதாவது வினைச்சொல்லோடு ஆஃப், ஆன் மாதிரி ஒரு சிறு சொல் சேர்ந்து வருவதும் அப்படித்தான், பொருளில் முழுசாக ஒரே சொல். அகராதியில் புட், ஆஃப் என்று தனித்தனியாகத் தேடிக் கூட்டிப் பார்க்காதீர்கள். மாணவர்களுக்கான நல்ல அகராதிகளில் புட் என்ற பதிவின் கடைசிப் பகுதியில் இவற்றுக்குத் தனி இடம் உண்டு. அதுவரை யாரும் படிப்பதில்லை என்பது வேறு கதை.

விளக்கைப் போடுவதற்கும் உடை அணிவதற்கும் வரும் புட் ஆன் என்பதற்கு எதிர்ப்பதம் என்று நினைத்து 'புட் ஆஃப் தி லைட்' என்பவர்களும் இருக்கிறார்கள். விளக்குக்குப் பொதுவாக டர்ன் ஆஃப் அல்லது சுவிட்ச் ஆஃப், உடைக்கு டேக் ஆஃப். அப்புறம், 'தி ஸ்மெல் புட் மீ ஆஃப்' என்றால் அந்த வாடையால் எனக்கு அது பிடிக்காமல் போய்விட்டது என்று பொருள். அங்கே யாரும் எதையும் ஒத்திவைக்கவில்லை.

'புட் இட் ஆஃப்' என்றுதான் வரும், 'புட் ஆஃப் இட்' வராது. 'புட் ஆஃப் கோயிங்' சரி, 'புட் ஆஃப் டு கோ' தப்பு. இறந்த காலத்திலும் புட்தான். 'புட்டட்' என்று எழுதி என்னைச் சோதிக்காதீர்கள்.

நீங்கள் எழுதும் கடிதமாக இருந்தால் போஸ்ட்போன் அல்லது கேன்சல் என்று போட்டு, தள்ளிவைத்ததென்றால் புதுத் தேதியையும் சேர்த்துவிடுங்கள். உங்களுக்கு வந்த கடிதமாக இருந்தால் ஆஃப் என்பதற்குப் பிறகும் படியுங்கள். டில், அன்டில் என்று ஏதாவது இருக்கும். இல்லையென்றால் புதுத் தேதி எப்போது என்று ஒரே ஒரு வரி பதில் போட்டுக் கேட்டுவிடுங்கள், தயவுசெய்து.