சொல் விளக்கம்: அரச பயங்கரவாதம்

வாச்சாத்தி என்ற ஊரில் 1992இல் அரசு ஆட்களே ஊராரை அடித்து, பெண்களை வன்கொடுமை செய்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2023 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது. மறுநாள் அரூர் பேருந்து நிலையத் தேநீர்க் கடையில் நாளிதழை மடித்துவைத்த பெரியவர் ஒருவர் கேட்டார்: "இதையே ஒரு கும்பல் செய்திருந்தால் பயங்கரவாதம் என்று போட்டிருப்பார்கள். காக்கிச் சட்டை செய்தால் என்ன பேர், தம்பி?"

எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்துதான் அகராதியைப் புரட்டினேன்.

'பயங்கரம்' வடசொல், அச்சத்தை உண்டாக்குவது என்று பொருள். சிக்கல் வாலில் இருக்கும் 'வாதம்'தான். அதைக் கேட்டதும் கொள்கை, இயக்கம், தலைமறைவு என்று மனம் போகிறது. ஜீப்பில் வந்து இறங்கும் அதிகாரியை அந்தச் சொல்லுக்குள் அடைக்க நாக்கு கூசுகிறது.

'டெரரிசம்' என்ற மூலச் சொல்லுக்கு அந்தக் கூச்சமே கிடையாது. இலத்தீனில் 'தெர்ரேரே' என்றால் அச்சுறுத்துதல். அதன் வழிவந்த 'தெரோரிஸ்ம்' பிரெஞ்சுப் புரட்சியின் பிள்ளை. 1793-94இல் தலைவெட்டும் பொறியான கில்லட்டினை வைத்து மிரட்டியது அரசாங்கம். 1798இல் பிரெஞ்சுக் கழக அகராதி அச்சொல்லுக்குத் தந்த பொருள் 'அச்சத்தின் ஆட்சிமுறை'. அரசை எதிர்ப்பவரைக் குறிக்கும் பொருள் பின்னால் வந்தது. இன்று பழைய பொருளுக்கே 'அரச' என்று அடைமொழி போடுகிறோம், தண்ணீரைப் 'பச்சைத்தண்ணீர்' என்பதுபோல.

சட்டம் இதில் நழுவுகிறது. ஐ.நா.வில் இந்தியா 1996இல் முன்வைத்த பயங்கரவாத உடன்படிக்கை, ராணுவத்தின் செயலையும் சேர்ப்பதா என்ற கேள்வியிலும் முட்டி நிற்கிறது. ஆனால் 1949 ஜெனீவா உடன்படிக்கை, போரில் குடிமக்கள்மீது பயங்கரவாத நடவடிக்கை கூடாது என்று அரசுகளைப் பார்த்தே சொல்கிறது.

1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடி வாச்சாத்திக்குள் நுழைந்தவர்கள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள். ஊராரை ஆலமரத்தடியில் திரட்டி அடித்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 2011இல் தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்டவர்களில் அதுவரை உயிரோடு இருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. வன்புணர்வு, பழங்குடியினர் மீதான வன்கொடுமை என்று குற்றங்களுக்குத் தனித்தனிப் பிரிவுகள் இருந்தன. ஓர் ஊரையே நடுங்கவைத்ததற்குப் பிரிவு இல்லை.

தமிழில் அதற்குச் சொல் இருக்கிறது. குறளின் 57ஆம் அதிகாரம் 'வெருவந்த செய்யாமை'. வெரு என்றால் அச்சம். குடிகள் அஞ்சி நடுங்கும்படி செய்யாதே என்று மன்னனுக்குச் சொன்னது. 'கொடுங்கோன்மை' முந்தைய அதிகாரம், முறைகேடான ஆட்சி முழுவதையும் அணைக்கும் அகன்ற சொல். ஈழத்தில் 'வெருட்டாதே' இன்னும் அன்றாடப் பேச்சு. எனவே நான் 'வெருவாட்சி' என்பேன். நாளிதழ்கள் பழகிய சொல்லை விடப்போவதில்லை, அது வேறு கதை.

அடுத்த முறை அரூர் போனபோது பெரியவரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் காதில் அது 'விரட்டு' என்று விழுந்திருக்கிறது.

"விரட்டுகிற ஆட்சியா? சரிதான். சனங்கள் மலைக்குத்தானே ஓடினார்கள்."