குடல் ஏறவில்லை, ஹேண்டில்பார்தான் இடித்திருக்கிறது

பையனின் அப்பா போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "பாருங்க டாக்டர், விழுந்து ரெண்டே செகண்ட்ல எந்திரிச்சிட்டான். அடியே படல." வீடியோவில் பையன் எழுந்தது உண்மைதான். எழும்போது வலது கை சைக்கிளைப் பிடிக்கப் போகிறது, இடது கை வயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த இடது கையை வீட்டில் யாருமே பார்க்கவில்லை. பத்துப் பதினைந்து முறை போட்டுப் பார்த்திருப்பார்கள், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் வைத்தாகிவிட்டது.

அண்ணா பிறந்தநாளை ஒட்டி செப்டம்பரில் மாவட்டம்தோறும் நடக்கும் சைக்கிள் போட்டி. 13, 15, 17 வயதுக்கு உட்பட்டோர் என்று பிரிவுகள். கியர் சைக்கிளுக்கு இடமில்லை, சாதாரண சைக்கிள்தான். இவன் ஓட்டியது, அண்ணனுக்குப் பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிள். கிரிப் கிழிந்து, ஒரு பக்கம் வெறும் இரும்புக் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. அப்பா பைக்கில் பக்கத்திலேயே போய் "மிதிடா, மிதிடா" என்று கத்தியிருக்கிறார். பையன் குரல் வந்த பக்கம் திரும்ப, முன்னால் போனவன் பின்சக்கரத்தில் இடித்து விழுந்தான். ஹேண்டில்பார் திரும்பி, அந்தக் குழாய் முனை வயிற்றில் குத்தியது.

காலையில் விழுந்தான், போட்டியையும் முடித்தான். மதியம் வலி, சாயங்காலம் வாந்தி. அத்தை சொன்னாராம், "குடல் ஏறிடுச்சு". விளக்கெண்ணெய் போட்டு வயிற்றை வழித்து, தலைகீழாகப் பிடித்துத் தட்டியும் விட்டிருக்கிறார்கள். மறுநாள் ராத்திரி பச்சைப் பச்சையாக வாந்தி எடுத்தபடி என்னிடம் வந்தான்.

குழந்தைகள் அறுவை சிகிச்சை மருத்துவராக நூறாவது தடவையாகச் சொல்கிறேன்: குடல் ஏறாது. ஏறுவதற்கு அது என்ன பல்லியா? முதுகுப்புறச் சுவரோடு ஒட்டிய ஒரு திரைதான் குடலைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. குடல் முறுக்கிக்கொள்ளும், ஒன்றுக்குள் ஒன்று சொருகிக்கொள்ளும். அந்த இரண்டையும் எண்ணெய் போட்டு வழித்துச் சரிசெய்ய முடியாது, எங்களிடம்தான் வர வேண்டும். "போன தடவை தட்டினதும் சரியாச்சே" என்பீர்கள். சாதாரண வாந்தி பெரும்பாலும் ஓரிரு நாளில் தானாகவே நிற்கும். அது நிற்கிற நேரத்தில் நீங்கள் தட்டியிருப்பீர்கள், பெயர் தட்டியவருக்குப் போயிருக்கும். ஆனால் அடிபட்ட வயிறு அப்படியில்லை. உள்ளே மண்ணீரலோ கல்லீரலோ கிழிந்திருந்தால், நீங்கள் வழிக்கும் ஒவ்வொரு வழிப்பும் அந்தக் கிழிசலின் மேல்தான்.

"ரத்தமே வரலையே டாக்டர்?" வராது. குழந்தையின் வயிற்றுச் சுவர் மெல்லியது. குழாய் முனை மொத்த வேகத்தையும் ஒரு காசு அகலத்தில் இறக்குகிறது. முன்சிறுகுடலும் (இரைப்பையை அடுத்து வரும் குடலின் முதல் பகுதி) கணையமும் முதுகெலும்புக்கும் அந்த முனைக்கும் நடுவில் மாட்டி நசுங்குகின்றன. வெளியே தெரிவதெல்லாம் ஒரு சின்ன வட்டத் தடம். இவனுக்குத் தொப்புளுக்கு மேலே, ஒரு ரூபாய்க் காசு அளவில், நடுவில் வெளுத்து ஓரம் மட்டும் சிவந்து இருந்தது. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்த பிறகுதான் கண்ணில் பட்டது.

முன்சிறுகுடல் சுவருக்குள் ரத்தம் கட்டி, வழியை அடைத்திருந்தது. நல்லவேளை, கத்தி வைக்க வேண்டியிருக்கவில்லை. மூக்கில் குழாய், வாய்வழியாக ஒன்றுமில்லை, சாப்பாடெல்லாம் ரத்தக்குழாய் வழியாக. பதினாறு நாள். (வயிற்றுக்காயம் என்றாலே அறுத்துவிடுவோம் என்று பயப்படுகிறவர்களுக்கு: இந்த வயதில் மண்ணீரல், கல்லீரல் கிழிசல்களில்கூடப் பெரும்பாலானவற்றைப் படுக்க வைத்துக் கண்காணித்தே ஆற்றிவிடுகிறோம். நேரத்தோடு வந்தால்.)

அப்பா டீ குடிக்கப் போனபோது பையனிடம் கேட்டேன், ஏன் அப்போதே சொல்லவில்லை என்று. "விழுந்ததுக்குத் திட்டுவாரு."

உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். போட்டிக்கு முதல் நாள் ஹேண்டில்பாரின் இரண்டு முனையையும் தடவிப் பாருங்கள். இரும்பு கையில் பட்டால் புது கிரிப் மாட்டுங்கள், செலவு ஒன்றும் பெரிதில்லை. ஹெல்மெட் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? பைக்கில் துரத்தாதீர்கள். கைதட்ட வேண்டுமென்றால் முடிவுக்கோட்டுக்குப் போய் ஓரமாக நில்லுங்கள். வீடியோ எடுக்கச் சாலைக்குள் இறங்காதீர்கள், அடுத்த வீட்டுப் பிள்ளை உங்கள் மேல்தான் வந்து விழும்.

விழுந்துவிட்டானா, "ஏன்டா விழுந்தே" என்ற கேள்வி ஒரு வாரம் கழித்து வரட்டும். முதலில் சட்டையைத் தூக்கி வயிற்றைப் பாருங்கள். வட்டத் தடம் இருந்தால், வலி இல்லை என்று அவன் சத்தியம் செய்தாலும் கூட்டிக்கொண்டு வாருங்கள். தடமே இல்லாவிட்டாலும் இரண்டு மூன்று நாள் கண் அவன் மேலேயே இருக்கட்டும். வயிற்றுவலி, வாந்தி, அடியே படாத இடது தோளில் வலி, முகம் வெளிறுவது, இதில் எது வந்தாலும் சோடா வேண்டாம், சோறு வேண்டாம், எண்ணெய் வேண்டவே வேண்டாம். 108ஐக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று. ஆஸ்பத்திரிக்கு வந்து "வயித்துவலி, வாந்தி" என்று மட்டும் சொன்னால், கூட்டத்தில் ஒரு ஊசியைப் போட்டு அனுப்பிவிடவும் கூடும். எங்கள் ஆட்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் நார்மல் என்று வந்தாலும் கணையக் காயமும் குடல் காயமும் அதில் தப்பிவிடலாம். அதனால் சீட்டு எழுதுமிடத்திலேயே, வாயைத் திறந்ததும் முதல் வரியாகச் சொல்லுங்கள்: "சைக்கிள்லேர்ந்து விழுந்தான், ஹேண்டில்பார் வயித்துல குத்திருச்சு."