பப்பாளிக் குழியில் எந்தக் கன்றை விடுவது?

கத்தரி, மிளகாய் நாற்றைக் கலைப்பது சுலபம். திடமானதை விட்டுவிட்டு நோஞ்சானைப் பிடுங்கிவிடலாம். அதே பழக்கத்தில், குழிக்குப் பல கன்று வைத்த பப்பாளியிலும் முளைத்தவுடனே கை வைத்து ஒன்றை மட்டும் விட்டால், மாதக்கணக்கில் தண்ணீர் ஊற்றி வளர்த்தது நீளநீளமாகப் பூங்கொத்தைத் தொங்கவிட்டு நிற்கும். காய் மட்டும் வராது. ஆண் மரம்!

பப்பாளியில் ஆண், பெண், இருபால் என்று மூன்று வகை மரங்கள் உண்டு. கன்றாக இருக்கும்போது இலையையோ தண்டையோ பார்த்து இன்னதென்று சொல்ல வழியில்லை. ஆய்வகத்தில் டிஎன்ஏவைச் சோதித்துச் சொல்லலாம். கொல்லையில் நாலு மரம் வைப்பவருக்கு அது எதற்கு? பூக்கும் வரை பொறுத்தால் போதும், நாலைந்து மாதம்தான். பனை வைத்தவர் இதற்காகப் பத்து வருஷத்துக்கு மேல் காத்திருக்கிறார்.

ஆணா, பெண்ணா, இருபாலா என்பதை முடிவு செய்வது குரோமோசோம். இரண்டு எக்ஸ் இருந்தால் பெண். ஒரு எக்ஸ், ஒரு ஒய் என்றால் ஆண். அந்த ஒய்யிலேயே கொஞ்சம் மாறுபட்ட ஒரு வகை உண்டு. எக்ஸுடன் அது சேர்ந்தால் இருபால் மரம். இரண்டு ஒய் சேர்ந்த கரு பிழைப்பதே இல்லை.

இந்தக் கடைசிச் சங்கதிதான் குழிக்கு எத்தனை கன்று என்பதைத் தீர்மானிக்கிறது. இருபால் மரம் தன் மகரந்தத்திலேயே காய்த்தால், கருக்களில் கால் பங்குக்கு இரண்டு ஒய் வந்து அழிந்துவிடும். மிஞ்சிய மூன்று பங்கில் இரண்டு இருபால், ஒன்று பெண். ஆகவே குழிக்கு மூன்று கன்று வைத்தால், மூன்றும் பெண்ணாகிவிட 27-ல் ஒரு வாய்ப்புதான். ஹவாயில் சோலோ ரகம் பயிரிடுபவர்கள் ஒரே குழியில் பல கன்று வைப்பதும் இந்தக் கணக்கை நம்பித்தான். கோ.2 போல ஆணும் பெண்ணும் தனித்தனியாக உள்ள ரகத்தில் பாதிக்குப் பாதி. ஐந்து கன்று வைத்தால், ஐந்தும் ஆணாகிவிட 32-ல் ஒரு வாய்ப்பு.

சரி, பூ வந்தாயிற்று. ஆண் மரத்தில் நீண்ட காம்பில் குச்சி மாதிரிச் சிறு பூக்கள் கொத்தாகத் தொங்கும், தூரத்திலிருந்தே தெரியும். பெண்ணையும் இருபாலையும் பிரிப்பதில்தான் குழப்பம், இரண்டிலுமே பூ தண்டை ஒட்டியே வரும். விரியப்போகிற மொட்டு ஒன்றைக் கிள்ளி இதழை உரித்துப் பாருங்கள். பெண் பூவின் அடியில் குண்டுச் சூலகம் மட்டும் இருக்கும். இருபாலில் சூலகம் ஒடுங்கி நீண்டிருக்கும், அதைச் சுற்றி மஞ்சள் மகரந்தப் பைகள் இருக்கும். காயும் அப்படியே: பெண்ணில் உருண்டை, இருபாலில் நீளம். சந்தைக்கு நீளக் காய்தான் தோது.

கோ.3, கோ.7, ரெட் லேடி போல இருபாலும் பெண்ணும் வரும் ரகம் வைத்தவர்கள் குழிக்கு ஓர் இருபால் மரத்தை நிறுத்திக்கொண்டு பெண்ணை அகற்றிவிடலாம். அது தானே காய்க்கும். கடும் வெயிலில் அதன் பூக்களில் சூலகம் சுருங்கிக் கொஞ்ச நாள் காய்ப்பு நிற்கலாம். அதைக் கண்டு பயந்து வெட்டிவிடாதீர்கள், பருவம் மாறினால் திரும்பும். கோ.2 என்றால் பெண்ணை நிறுத்திக்கொள்ள வேண்டும், 15 முதல் 20 பெண்ணுக்கு ஓர் ஆண் போதும். ஆனால் அந்த ஓர் ஆணையும் வெட்டிவிட்டால் விளைச்சல் அடிவாங்கும்.

வேண்டாததைப் பிடுங்காதீர்கள். அதற்குள் வேர்கள் ஒன்றோடொன்று பின்னியிருக்கும். விடப்போகிற மரமும் ஆடிவிடும். தரையோடு அறுத்துவிடுங்கள்.